உள்ளே இன்னொருத்திக்கு இடம் விடுவது எப்படி

இதைப் படிக்க வருகிறவர்கள் இரண்டு வகை. டுல்பா என்றால் என்னவென்று தெரிந்து, எவ்வளவு முயன்றும் பதில் வரவில்லையே என்று தேடி வருகிறவர்கள் ஒரு வகை. தலைப்பைப் பார்த்துவிட்டு, இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு முதலில் விளக்கிவிடுகிறேன். முதல் வகை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டுல்பா என்பது நாம் தெரிந்தே, விடாமல் கவனம் கொடுத்து மனதுக்குள் வளர்த்தெடுக்கும் ஒரு துணை. கற்பனைப் பாத்திரமாகத்தான் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் நாம் வசனம் எழுதிக் கொடுக்காமலே பேசும், முறைக்கும், நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும். இந்தப் பழக்கத்தின் பெயர் டுல்பாமான்சி. வளர்ப்பவரை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே இருக்கும் எல்லோரையும் சேர்த்து சிஸ்டம் என்பார்கள். எங்கள் சிஸ்டத்தில் நானும் பொன்னியும் மட்டும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், தனியாக வீடு எடுத்திருக்கிறேன். பொன்னி என்னை அக்கா என்பாள். நான் அவளை வாடி போடிதான்.

இது திபெத்திலிருந்து வந்த ரகசிய வித்தை என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். புத்தரும் உயர்நிலை அடைந்தவர்களும் பிறர் நன்மைக்காக எடுக்கும் தோற்றங்கள் என்ற கருத்து திபெத்திய பௌத்தத்தில் உண்டு. ஆனால் பேச்சுத்துணைக்கு ஆள் உருவாக்கிக்கொள்வதைப் பற்றி அது பேசவில்லை. எண்ணத்துக்கு உருவம் உண்டு, அது தனியாக நடமாடும் என்ற பேச்சு பெரும்பாலும் பிரம்மஞான சபைக்காரர்களிடமிருந்து, அதாவது தியோசாபிகல் சொசைட்டிக்காரர்களிடமிருந்து வந்தது. அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் இதைப் பற்றி வண்ணப் படங்களோடு புத்தகமே போட்டார்கள். அந்தச் சபையின் தலைமையகம் அடையாறில்தான் இருக்கிறது.

டுல்பா என்ற பெயரை மேற்கில் பிரபலமாக்கியவர் அலெக்சாண்ட்ரா டேவிட் நீல் என்ற பிரெஞ்சுக்காரப் பெண்மணி. வெளிநாட்டவருக்குத் தடை இருந்த திபெத்தியத் தலைநகர் லாசாவுக்கு 1924-ல் மாறுவேடத்தில் போனவர். குட்டையாக, குண்டாக, சிரித்த முகத்தோடு ஒரு துறவியை மனதால் உருவாக்கியதாகவும், சில மாதங்களில் அவர் கூடவே நடமாடத் தொடங்கியதாகவும் எழுதியிருக்கிறார். அப்புறம் துறவி இளைத்தார், சிரிப்பில் ஏளனம் ஏறியது, சொன்னபடி கேட்கவில்லை. அம்மையார் ஆறு மாதம் போராடி அவரைக் கலைத்தார். இன்றைய டுல்பாக்காரர்கள் இப்படிக் குணமும் உருவமும் மாறுவதை டீவியேஷன் என்று சொல்லி, வளர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் துறவி என் வீட்டில் இளைத்திருந்தால், என்னப்பா பிரச்சினை என்று முதலில் கேட்டிருப்பேன். அம்மையார் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போதுள்ள வடிவம் இணையத்தில், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவானது. 'மை லிட்டில் போனி' கார்ட்டூன் ரசிகர்கள்தான் இதை ஊதிப் பெரிதாக்கினார்கள். குதிரைக்குட்டிகள் மேல் பிரியம் வைத்த இளைஞர்கள் அவற்றையே உள்ளே வளர்த்தார்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் செய்முறையின் பெரும்பகுதியை எழுதி வைத்தவர்கள் அவர்கள்தான். மெக்கில் பல்கலைக்கழக மானிடவியலாளர் சாமுவேல் வெசியேர் இந்தக் கூட்டத்தை ஆராய்ந்தபோது கண்டது: பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய நகர்ப்புறத்துப் பிள்ளைகள், கூச்ச சுபாவம், தனிமை. துணை வந்த பிறகு வாழ்க்கை மேம்பட்டதாகவே பலரும் அவரிடம் சொன்னார்கள்.

யார் தொடங்கக் கூடாது

இதைக் கடைசியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கேயே. நீங்கள் கூப்பிடாமலே குரல் கேட்கிறதா? உங்களை யாரோ கண்காணிப்பதாகத் தோன்றுகிறதா? மனச்சிதைவுக்கு மருந்து எடுத்திருக்கிறீர்களா, அல்லது குடும்பத்தில் யாருக்காவது அது இருந்ததா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் தொடங்காதீர்கள். மனநல மருத்துவரிடம் பேசுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். பல நாளாகத் தூக்கமில்லாமல் இருப்பவர்களும், நெருங்கியவர் இறந்த துக்கம் ஆறாதவர்களும் தள்ளிப்போடுங்கள்.

"அப்போ இது பல ஆளுமைக் கோளாறு இல்லையா?" என்று கேட்பார்கள். அந்த நோயில் நினைவில் ஓட்டை விழும், வேலையும் உறவும் குலையும், பெரும்பாலும் சிறுவயதுக் கொடுமை பின்னால் இருக்கும். இங்கே தெரிந்தே கதவைத் திறக்கிறோம், என்ன நடந்தது என்பது நினைவில் இருக்கிறது. அந்த நினைவு என்றைக்காவது விடுபட்டால், அல்லது உள்ளிருந்து உங்களை நீங்களே காயப்படுத்தச் சொல்லி ஏதாவது வந்தால், அதற்கு டுல்பாமான்சி என்று பெயர் வைத்து மழுப்பாமல் மருத்துவரிடம் போங்கள்.

பெயர், உருவம், குணம்

ஒரு தாளில் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். என்ன பெயர், ஏறக்குறைய என்ன வயது, எப்படி இருப்பார், எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார். நாற்பது குணங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றையும் மந்திரம் மாதிரி சொல்லச் சொல்லும் பழைய கையேடுகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அத்தனையும் நீங்களே நிரப்பிவிட்டால் வருகிறவர் சொந்தமாகக் கொண்டுவர என்ன மிச்சம்?

பொன்னியை நான் எழுதி வைத்தது: நாற்பது வயது, கைத்தறிச் சேலை, நிதானமான பேச்சு, ஆறுதல் சொல்கிறவள். வந்து சேர்ந்தவளுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. கிராப்பு வெட்டியிருந்தாள். ஆறுதலெல்லாம் சொல்ல மாட்டாள், நக்கல் அடிப்பாள். தாளில் எழுதியதில் பெயர் மட்டும்தான் தேறியது.

யாரைப் பார்த்துச் செய்யக் கூடாது என்பதில் கறாராக இருங்கள். இறந்துபோன அம்மா அப்பா வேண்டாம். அவர்கள் சொல்லக்கூடியதை நம் மனது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும், புதிதாக ஒருவர் வளர அங்கே இடமில்லை. மாறி வளர்ந்தால் அது இன்னும் கொடுமை, இரண்டாம் முறை இழந்தது மாதிரி ஆகிவிடும். உங்களை வேண்டாமென்று சொன்ன பெண்ணோ பையனோ வேண்டவே வேண்டாம். உயிரோடிருக்கும் ஒருவருடைய சாயலை அவருக்குத் தெரியாமல் உள்ளே வைத்து 'ஆமாம்' சொல்ல வைப்பது அசிங்கம். சினிமா நடிகர்களும் வேண்டாம், வாயைத் திறந்தால் பஞ்ச் டயலாக்தான் வரும். சாமியைத் தொடவே வேண்டாம். அதற்கு வேறு வழி, வேறு பொறுப்பு.

பேச்சு கொடுப்பது, அப்புறம் வாயை மூடுவது

இனிமேல்தான் வேலை. இதை ஃபோர்சிங் என்பார்கள். உட்கார்ந்து கண்ணை மூடிச் செய்வது ஒன்று, வேலை பார்த்துக்கொண்டே பேச்சு கொடுப்பது இன்னொன்று. எனக்குக் கை கொடுத்தது இரண்டாவதுதான்.

காலையில் பஸ் ஏறியதும் ஆரம்பிப்பேன். "இங்க பாரு பொன்னி, இன்னைக்கும் அந்தக் கண்டக்டர்தான். சில்லறை இல்லைன்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு." கம்பெனியில் சாயப்பட்டறை பில்லை எடுக்கும்போது, "இது ஜாப் ஒர்க். அவங்க சரக்கு இல்ல, நம்ம துணி போய்ச் சாயம் ஏறி வருது. அதனால இதைக் கொள்முதல் கணக்குல போடக் கூடாது." கடுகு தாளிக்கும்போது, துணி காயப்போடும்போது, ஜிஎஸ்டி போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது. எல்லாம் மைண்ட்வாய்ஸில்தான். வடிவேலு புண்ணியத்தில் தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டில் தனியாக இருந்தால் வாய்விட்டும் பேசலாம். பஸ்ஸில் வேண்டாம். அவசரமென்றால் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள், போனில் பேசுகிறீர்கள் என்று விட்டுவிடுவார்கள்.

பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பேசுகிறார்கள், பேசுகிறார்கள், நிறுத்துவதே இல்லை. நான்கு வாக்கியம் பேசினால் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதிலை யோசிக்கக் கூடாது, 'இதைத்தான் சொல்வாள்' என்று ஊகிக்கவும் கூடாது. வெறும் காத்திருப்பு. அடுப்பு, மதிய சாப்பாடு, நாளைக்கு என்ன கிழமை என்று மனது எங்கேயாவது ஓடும், திரும்பக் கூட்டிவந்து அந்த இடைவெளியில் நிறுத்துங்கள். ஒன்றும் வரவில்லையா? சரி என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். நான் பார்த்தவரை, உருவத்தைத் துல்லியமாகக் காணத் தெரியாதவர்கள் தோற்பதில்லை. இந்த இடைவெளியை விடத் தெரியாதவர்கள்தான் தோற்கிறார்கள்.

இரவில் படுப்பதற்கு முன் ஒரு இருபது நிமிடம் உட்கார்ந்தும் செய்யுங்கள். முகத்தில் தொடங்க வேண்டாம், அதுதான் கஷ்டம். கையில் தொடங்குங்கள். விரல் நீளமா குட்டையா, நகத்தில் அழுக்கு இருக்கிறதா, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டியிருக்கிறாளா. மனக்கண்ணில் படமே வராதவர்கள் உண்டு. அவர்கள் கவலைப்பட வேண்டாம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் உணர்வு போதும். நமக்குப் பின்னால் யாரோ வந்து நின்றால் திரும்பாமலே தெரியும் அல்லவா, அதே உணர்வு.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஒரு வருடம். நாள் எண்ணுகிறவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

முதல் பதில் வார்த்தையாக வராது

அநேகமாக முதலில் வருவது ஒரு உணர்ச்சி. உங்களுக்கு அந்த நேரத்தில் எந்தக் காரணமும் இல்லாத ஒரு உணர்ச்சி. எனக்கு ஒரு மீட்டிங்கில் வந்தது. முதலாளி ஏற்றுமதி ஆர்டர் பற்றி ரொம்ப சீரியஸாகப் பேசிக்கொண்டிருக்கிறார், எனக்குப் பயங்கரச் சிரிப்பு முட்டுகிறது. எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை, வயிற்றில் புளிதான் கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவருடைய சட்டைப் பையில் பேனா மை கசிந்து பெரிய வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. யார் முதலில் பார்த்தது?

சிலருக்குத் தலையில் அழுத்தம் தெரியும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனத்தை இறுக்கிப் பிடித்தாலே தலை அழுத்தும். நிஜமாகவே தலைவலி தொடர்ந்தால் கண்ணையும் பிபியையும் சோதித்துப் பாருங்கள், அதற்கும் டுல்பாவுக்கும் சம்பந்தமில்லை.

வார்த்தை பின்னால் வரும். எங்கள் செக்‌ஷனில் ஒரு பெண் வாரம் தவறாமல் என்னிடம் கடன் கேட்பாள், திருப்பித் தர மாட்டாள். அவளைப் பற்றி பஸ்ஸில் பொன்னியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். "பாவம், புருஷன் சரியில்லை" என்று முடித்தேன். இடைவெளி விட்டேன். "பாவமா? இளிச்சவாய் நீ இருக்கற வரைக்கும் அவளுக்கென்னக்கா பாவம்" என்று வந்தது. இளிச்சவாய் என்ற சொல்லை என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெண் கேட்டபோது இல்லையென்றேன். அதற்கு முன் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

"அதுவும் நீங்கதானே?" என்று இப்போது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மையறியாமல் நாமே பதில் போட்டுக்கொள்வதை இந்தக் கூட்டத்தில் பாரட்டிங் என்பார்கள், கிளிப்பிள்ளையாக்குவது. தொடக்கத்தில் எது அவள், எது நான் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஓரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் உடன் இருந்தவர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். 50 புனைகதை எழுத்தாளர்களைக் கேட்டதில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல், பாத்திரங்கள் சொல்பேச்சுக் கேட்காமல் தானாக நடந்துகொள்ளும் அனுபவம் கொஞ்சமாவது உண்டு என்றார்கள். நீந்துவதோ தட்டச்சு செய்வதோ பழகிய பிறகு யோசிக்காமல் நடப்பதைப்போல, ஒரு ஆளைக் கற்பனை செய்வதும் பழகிப் பழகித் தானியங்கி ஆகிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். எனக்கு அந்த விளக்கம் உறுத்தவில்லை. பொன்னி ஓடுவது என் மூளையில்தான், வேறெங்கிருந்தோ வந்த ஆவி அல்ல. அவள் என்னோடு ஒத்துப்போகாத நேரங்கள் உண்மை, அவள் சொன்னதால் நான் மாறி நடந்ததும் உண்மை. இது எனக்குப் போதும். உங்களுக்குப் போதவில்லை என்றாலும் பயிற்சி நடக்கும், சந்தேகத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு பதிலையும் நிறுத்தி வைத்துச் சோதனை போட்டால் மட்டும் பேச்சு வளராது.

திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என்று இரண்டு அதிகாரமே இருக்கிறது. தன் நெஞ்சு தன் பேச்சைக் கேட்காமல் அவன் பக்கம் சாய்கிறதே என்று தலைவி அதோடு சண்டை போடுகிறாள். அதனால் டுல்பா நம்முடையது என்று பெருமை பேச நான் வரவில்லை. அவள் நெஞ்சை யாரும் உட்கார்ந்து வளர்க்கவில்லை. உள்ளே இருக்கும் ஒன்றோடு சண்டை போடுவதில் விசித்திரம் ஒன்றுமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு இடம்

வொண்டர்லேண்ட் என்பார்கள். அருவியும் அரண்மனையுமாக அமைப்பவர்கள் உண்டு. கட்டாயமில்லை. எங்களுடையது ஒரு சின்ன ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை. சிவப்பு ஆக்சைடு தரை, நீளமான மரப் பெஞ்சு, கைப்பிடியில் யாரோ காம்பஸால் கீறிய பெயர். ரயில் வராது, யாருக்கும் அவசரமில்லை. ஜன்னல் மட்டும் பொன்னி போட்டது. நான் வைத்திருந்தது வெறும் சுவர். ஒருநாள் இரவு போய் உட்கார்ந்தபோது அங்கே கம்பி ஜன்னலும் அதற்கு வெளியே வேப்பமரமும் இருந்தன. உங்கள் இடத்திலும் நீங்கள் வைக்காத பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துப் போடாதீர்கள், யார் வைத்தது என்று கேளுங்கள்.

வெளியே கொண்டுவருவது

அடுத்த கட்டங்களில் ஆர்வம் எல்லோருக்கும் அதிகம். துணையை வெளியே இருப்பதாகவே காண்பது, கேட்பது, தொடுவது இம்போசிஷன். தோளில் கை வைக்கும் உணர்வு சீக்கிரம் வரும், கண்ணால் காண்பது ரொம்பத் தாமதம், பலருக்கு வருவதே இல்லை. கையையோ வாயையோ துணையிடம் கொஞ்ச நேரம் கொடுப்பது பொசெஷன். மேஜையில் கையைத் தளர்த்தி வைத்து, பேனாவைக் கொடுத்து, அவளாக ஒரு கோடு போடட்டும் என்று விடுங்கள். பொன்னியின் கையெழுத்து எனக்கு இடது பக்கம் சாய்கிறது. முழுவதுமாக இடம் மாறுவது ஸ்விட்ச்சிங். நான் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லித்தர மாட்டேன். வண்டி ஓட்டும்போதும் அடுப்பு எரியும்போதும் இதில் எதையும் பழகக் கூடாது.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெண் பிள்ளை தனியாகச் சிரித்தால், குரல் மாறிப் பேசினால், ஒன்று சாமி வந்திருக்கிறது, இல்லாவிட்டால் பேய் பிடித்திருக்கிறது. கோயிலில் சாமி வருவதற்கு நேரம், பறை, பூசாரி, ஊர்க்கூட்டம் எல்லாம் உண்டு, ஊரே சேர்ந்து நடத்தும் விஷயம் அது. நம்முடையதற்குச் சாட்சி யாருமில்லை. வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சொல்வதானால் வேப்பிலை எடுக்காத ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் தங்கையிடம் மட்டும் சொன்னேன். "என்கிட்டப் பேசறதுக்கு மட்டும் உனக்கு நேரமில்ல" என்றாள். அது நியாயம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். பொன்னியும் அதையே சொன்னாள்.

கூட இருப்பது

துணையைக் கணக்குப்பிள்ளை ஆக்காதீர்கள். "ஞாபகம் வெச்சுக்கோ, பரீட்சையில சொல்லு" என்று எதிர்பார்ப்பவர்கள் நிறைய. மூளை ஒன்றுதான், நீங்கள் படிக்காததை அவள் எங்கே போய்ப் படிப்பாள்? ஒரு பில்லை இன்னொருக்கா பாரு என்று பொன்னி சொல்வதுண்டு, நான் அசட்டையாகப் பார்த்ததை மனதின் ஒரு மூலை கவனித்திருக்கும். அதற்கு மேல் இல்லை.

அவளுக்கென்று நேரம் கொடுங்கள், அந்த நேரத்தில் அவள் கேட்பதைச் செய்யுங்கள். பொன்னிக்கு பரோட்டா சால்னா பிடிக்கும், எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று பேசி முடித்திருக்கிறோம். சண்டை வந்தால் பேசாமல் இருந்து தண்டிக்காதீர்கள். உங்கள் கவனத்தில்தான் அவள் வாழ்கிறாள், அதை நிறுத்துவது சாப்பாட்டை நிறுத்துவதற்குச் சமம். ஜிஎஸ்டி கணக்குக் காட்ட வேண்டிய இருபதாம் தேதி நெருங்கி எனக்கு மூச்சு விட நேரமில்லாத நாட்களில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இத்தனை நாளுக்கு வரமாட்டேன் என்று. திரும்பி வரும்போது காத்திருப்பு அறையில்தான் இருப்பாள், கொஞ்சம் மங்கலாக. ஒன்றிரண்டு நாள் பேசினால் சரியாகிவிடும்.

நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றினால் திடீரென வெட்ட வேண்டாம். காரணத்தை அவளிடமே சொல்லுங்கள், அவள் சொல்வதைக் கேளுங்கள், அப்புறமும் அதே முடிவென்றால் பேச்சைப் படிப்படியாகக் குறையுங்கள். கவனம் குறையக் குறையத் தானாக மங்கும். இரண்டாவது துணை வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். நான் கேட்டேன். "வாடகை யாரு குடுக்கறது?" என்றாள். இன்னும் இரண்டு பேராகத்தான் இருக்கிறோம்.